நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு வந்தவரும் குடும்பமும் செய்ய வேண்டியவை: படிப்படியாக ஒரு வழிகாட்டி

தம்பிக்குத் தீர்ப்பு சொன்ன அன்று அம்மா கோர்ட் வாசலிலேயே சூரியனைப் பார்த்துக் கும்பிட்டார். "ஜெயில் இல்லை, புரொபேஷன் கொடுத்துட்டாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று வக்கீல் சொன்னார். அதற்குமேல் எங்கள் காதில் எதுவும் விழவில்லை. மேசை ஓரத்தில் வைத்து நாலைந்து தாள்களில் விரலால் காட்டிய இடத்தில் எல்லாம் தம்பி கையெழுத்துப் போட்டான். ஜாமீன்தாரராக வந்த மாமாவும் போட்டார். ஒருவரும் ஒரு வரி படிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, விடியற்காலையில் பிடிவாரண்டோடு போலீஸ் வந்தது. அவன் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டு, அடிதடி என்று எதுவும் செய்யவில்லை. வேலைக்குப் போனான், அவ்வளவுதான். ஆனால் அனுமதி இல்லாமல் வீட்டு முகவரியை மாற்றக் கூடாது என்று அவன் கையெழுத்துப் போட்ட தாளில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தாளின் நகல்கூட இல்லை.

அடுத்த இரண்டு மாதம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாங்கள் பட்ட அனுபவம் இது. சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக்குப் பிணை எழுதி வாங்கி வெளியே விடுவதைத்தான் நன்னடத்தைப் பிணை, புரொபேஷன் என்கிறார்கள். அதற்கான சட்டம் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் (Probation of Offenders Act), 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கீழே வெறுமனே பிரிவு எண் சொல்லும் இடங்களில் எல்லாம் இந்தச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். பிரிவு எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், வக்கீலிடம் பேசும்போது "பிரிவு ஒன்பதில் என்ன சொல்லியிருக்கு சார்?" என்று நீங்கள் கேட்டாலே பேச்சின் தன்மை மாறும்.

1. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால்

குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்பார். நன்னடத்தைச் சட்டத்தின் பலனைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். பல குடும்பங்கள் அன்றைக்கு வெறுங்கையோடு நிற்கின்றன. முந்தைய வாய்தாவிலேயே இவற்றைச் சேர்த்துவிடுங்கள்:

- வயதுக்கு ஆதாரம்: பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ்.
- குடியிருப்புக்கு ஆதாரம்: ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம்.
- வேலை அல்லது படிப்புக்கு ஆதாரம்: முதலாளியின் கடிதம், கல்லூரிச் சான்று.
- வீட்டில் நோயாளிகள், சிறு குழந்தைகள் இருந்தால் மருத்துவச் சீட்டும் பள்ளிச் சான்றும்.

வயது ஏன் முக்கியம் என்றால், 21 வயதுக்குக் கீழே இருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் கோர்ட் நன்னடத்தை அலுவலரின் (புரொபேஷன் ஆபீசர்) அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும். இது பிரிவு 6. ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. குற்றம் நடந்த நாளில் அல்ல, தண்டனை முடிவாகும் நாளில் என்ன வயது என்பதைத்தான் பார்ப்பார்கள். 21 ஆக இரண்டு மாதம் இருக்கும்போது சும்மா வாய்தா வாங்கி இழுத்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

குடியிருப்பு விஷயத்தில் ஒரு வழி உண்டு. பையனுக்கு நிலையான வீடோ வேலையோ அந்த கோர்ட் எல்லைக்குள் இல்லாவிட்டாலும், ஜாமீன்தாரருக்கு இருந்தால் போதும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் விசாரிக்க வருவார். உள்ளதைச் சொல்லுங்கள். அவர் தரும் அறிக்கை ரகசியமானது. ஆனால் அதன் சாரத்தை உங்களுக்குத் தெரிவித்து, பதில் ஆதாரம் கொடுக்க வாய்ப்புத் தர கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது (பிரிவு 7). கேட்டால்தான் கிடைக்கும். வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

எல்லா வழக்குக்கும் இது கிடையாது. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள், போதைப்பொருள் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் ஆகியவற்றில் எதிர்பார்க்காதீர்கள். உயிரிழப்பு ஏற்படுத்திய அஜாக்கிரதையான வாகன வழக்குகளில் இந்தச் சலுகை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் சொல்லியிருக்கிறது.

2. உங்களுக்குக் கிடைத்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் தெருவில் எல்லாவற்றையும் "பாண்டு" என்றுதான் சொல்கிறோம். அதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

பிரிவு 3-ன் கீழ் எச்சரித்து அனுப்பியிருந்தால் நிபந்தனை எதுவும் இல்லை, அன்றோடு முடிந்தது. பிரிவு 4-ன் கீழ் என்றால் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அது அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதோடு நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு ஆணையும் இருந்தால், அந்தக் கண்காணிப்பு ஓராண்டுக்குக் குறையாது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த வகையைப் பற்றித்தான்.

மூன்றாவது, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் போலீஸ் எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணைப் பத்திரம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே யாரும் உங்களைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. மேல்முறையீடு, மீறினால் வரும் விளைவு எல்லாமே வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் தவறான ஆபீசில் போய் நின்று நாளை வீணாக்காதீர்கள்.

3. ஆணையின் நகல் இல்லாமல் கோர்ட்டை விட்டு வராதீர்கள்

நாங்கள் இடறியது இங்கேதான். கண்காணிப்பு ஆணை போடும் கோர்ட், அதன் நிபந்தனைகளைச் சம்பந்தப்பட்டவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். உடனடியாக அவருக்கு ஒரு நகல், ஜாமீன்தாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், நன்னடத்தை அலுவலருக்கு ஒரு நகல் தர வேண்டும். பிரிவு 4, உட்பிரிவு 5. இது கோர்ட்டின் கடமை. யாரிடமும் சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம்.

கூட்டம், அவசரம், மாலை நேரம் என்று "அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். அப்புறம் என்பது வராது. அங்கேயே நின்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் மறுநாளே நகல் மனு போடுங்கள். கட்டணம் பெரிய தொகை இல்லை, பக்கக் கணக்குத்தான். மனு போட்ட தேதி இருக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படியில் அது தேவைப்படும்.

வழக்கின் சி.என்.ஆர். எண்ணையும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண் அது. 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் வாய்தா, ஆணை எல்லாம் செலவில்லாமல் தெரியும். எட்டு மாதமும் நாங்கள் அதை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் வாரண்டு விவரம் முன்பே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நிபந்தனைகளை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். மது அருந்தக் கூடாது, குறிப்பிட்ட முகவரியில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட நாளில் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக. இப்போது எங்கள் வீட்டில் அது காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

4. முதல் 30 நாளில் ஒரு முடிவு எடுங்கள்

புரொபேஷன் என்றால் வழக்கிலிருந்து விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. தண்டனையை மட்டும் உடனே சொல்லாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். "கூப்பிடும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்கிறேன்" என்றுதான் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

பையன் உண்மையிலேயே அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்றால், ஜெயில் இல்லையே என்ற நிம்மதியில் சும்மா இருந்துவிடாதீர்கள். பிரிவு 11-ன்படி இந்த ஆணைக்கும் மேல்முறையீடு உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட் என்றால் செஷன்ஸ் கோர்ட்டில், 30 நாளுக்குள். நகல் மனு போட்டு நகல் தயாராகும் வரை ஆன நாட்கள் இந்தக் கணக்கிலிருந்து கழியும். அதற்குத்தான் அந்தச் சீட்டு.

பணம் இல்லை என்பது இங்கே காரணமாகக் கூடாது. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாவில் வட்டக் குழு. தொலைபேசியில் 15100. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். பையனுக்குப் பிணை நின்றவர் அம்மாவோ அக்காவோ என்றால் அவரும் தன் பெயரில் தனியாகக் கேட்கலாம்.

5. நன்னடத்தை அலுவலரைச் சந்திப்பதும் ஒரு நோட்டுப் புத்தகமும்

80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி, நேரம், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார் என்று எழுதி, முடிந்தால் அலுவலரிடம் ஒரு சுருக்கொப்பம் வாங்குங்கள். அவர் இல்லை என்றால் "வந்தேன், அலுவலர் வெளியே சென்றிருந்தார்" என்று எழுதி, அங்கே இருக்கும் ஊழியரிடம் காட்டுங்கள். பஸ் டிக்கெட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். தம்பி முதல் ஐந்து மாதம் ஒழுங்காகப் போயிருந்தான். அதை நிரூபிக்க எங்களிடம் இருந்தது சட்டைப் பையில் கிடந்து மங்கிப்போன இரண்டு டிக்கெட் மட்டும்தான்.

இந்த அலுவலர் உங்களைக் கண்காணிப்பவர் மட்டும் அல்ல. தேவையானால் வேலை தேடித் தர முயல்வதும், கோர்ட் விதித்த இழப்பீட்டைக் கட்ட ஆலோசனை சொல்வதும் அவருடைய கடமைப் பட்டியலில் இருக்கிறது (பிரிவு 14). வாய்விட்டுக் கேளுங்கள். இழப்பீடு கட்டினால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எதிர்த்தரப்பு வீட்டில் நேரில் கொடுத்துவிட்டு வருவது பெரிய தவறு. கோர்ட் கணக்கில் அது கட்டாத பணம்தான்.

சந்திப்புக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. யாராவது பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லலாம்.

6. வேலை, வீடு, ஊர் மாறுவதற்கு முன்

நிபந்தனையை மாற்றவும், காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவும் கோர்ட்டால் முடியும். ஆனால் பிரிவு 8-ன்படி நன்னடத்தை அலுவலரின் விண்ணப்பத்தின் பேரில்தான் அது நடக்கும். ஆகவே வேலை கிடைத்ததும் முதல் வேலையாக அவரிடம் எழுத்தில் கொடுங்கள். கம்பெனிக் கடிதம், புதிய முகவரி, வீட்டுக்காரரின் ஒப்புதல் மூன்றையும் இணைத்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். நேரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

"சார்கிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்று தம்பி வாரண்டு வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தான். பொய் இல்லை, சொல்லித்தான் இருக்கிறான். அந்த அலுவலருக்கு மாறுதல் வந்து வேறொருவர் பொறுப்பேற்றிருந்தார். புதியவர் கையில் இருந்த கோப்பில் மூன்று மாதமாக ஆள் வரவில்லை என்பது மட்டும்தான் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோப்பில் இருந்ததை அவர் எழுதினார்.

இதில் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு: நீங்களும் ஜாமீன்தாரரும் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் கோர்ட் எந்த நிபந்தனையையும் மாற்ற முடியாது. மூன்று ஆண்டு என்ற மொத்த வரம்பையும் தாண்ட முடியாது. நடத்தை நன்றாக இருந்து, இனிக் கண்காணிப்பு தேவையில்லை என்று பட்டால், காலத்துக்கு முன்பே பிணைப் பத்திரத்தை ரத்து செய்யவும் இதே பிரிவில் இடம் உண்டு. பாதிக் காலம் கடந்ததும் அலுவலரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

7. மீறிவிட்டார் என்று சம்மனோ வாரண்டோ வந்தால்

முதலில் ஓடி ஒளியாதீர்கள். எங்கள் பெரியப்பா "கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்" என்றார். அதைக் கேட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

சட்டம் சொல்வது இது. அலுவலரின் அறிக்கையோ வேறு தகவலோ வந்தால் கோர்ட் வாரண்டு அல்லது சம்மன் அனுப்பலாம். அறிக்கை வந்ததாலேயே மீறல் நிரூபணமாகிவிடாது. ஆள் முன்னால் நின்ற பிறகு வழக்கை விசாரித்து, மீறினார் என்று திருப்தி அடைந்தால்தான் அடுத்த நடவடிக்கை. விசாரணை முடியும்வரை காவலில் வைக்கவும், ஜாமீனில் விடவும் இரண்டுக்கும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இதெல்லாம் பிரிவு 9.

ஆகவே செய்ய வேண்டியவை வரிசையாக:

வக்கீலோடு தானாகவே கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடுங்கள். போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும், தானாக வந்து நிற்பதற்கும் நீதிபதி பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கூடவே ஜாமீன் மனுவும் தயாராக இருக்கட்டும்.

எந்த நிபந்தனையை, எந்தத் தேதியில் மீறியதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அலுவலரின் அறிக்கை நகலுக்கு மனு போடுங்கள். அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

பதிலை எழுத்தில் கொடுங்கள். நாங்கள் கொடுத்தவை: கம்பெனியின் வருகைப் பதிவு நகல், ஈ.எஸ்.ஐ. அட்டை, தங்கியிருந்த அறையின் வாடகைச் சீட்டு, அலுவலருக்குப் பேசிய தேதிகளைக் காட்டும் போன் பதிவு, அந்த இரண்டு பஸ் டிக்கெட். உடம்பு சரியில்லாமல் போக முடியவில்லை என்றால் மருத்துவமனைச் சீட்டு. சாட்சி சொல்ல ஆள் இருந்தால் பெயரைக் கொடுங்கள்.

மீறல் உண்மை என்றே கோர்ட் முடிவு செய்தாலும் ஜெயில்தான் என்று இல்லை. அவர் மீறியது அதுவே முதல் முறை என்றால், பிணை தொடரட்டும் என்று விட்டு அபராதம் மட்டும் விதிக்கலாம். அந்த அபராதத்துக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 50 ரூபாய். 1958-இல் எழுதிய தொகை. தம்பிக்கு நடந்தது அதுதான். நாலு வாய்தா, வக்கீல் செலவு, பஸ் செலவு, அவன் இழந்த சம்பளம் எல்லாம் ஆயிரக்கணக்கில் போய், கடைசியில் 50 ரூபாய்க்கு ஒரு ரசீது. அம்மா அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த 50 ரூபாயைக் கோர்ட் குறித்த நாளுக்குள் கட்டிவிடுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டால், அதற்காகவே பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டாவது முறை மீறினால் இந்த அபராத வழியும் கிடையாது.

தண்டனை என்று சொல்லிவிட்டால், மேல்முறையீடு பற்றியும் தண்டனையை நிறுத்திவைக்கும் மனு பற்றியும் அன்றே, அந்த வராண்டாவிலேயே வக்கீலிடம் பேசுங்கள்.

8. ஜாமீன்தாரருக்கு

மாமாவிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. "பேருக்குத்தான்" என்று சொல்லிக் கூட்டிப் போனோம், அந்தத் தவறு எங்களுடையது.

பிணைத் தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று பார்த்து, தன் நகலைத் தானே வாங்கிய பிறகுதான் ஜாமீன்தாரர் வெளியே வர வேண்டும். பிணை பறிமுதல் ஆகும் நிலை வந்தாலும் எடுத்தவுடன் பணத்தைக் கட்டச் சொல்ல முடியாது. ஏன் கட்டக் கூடாது என்று காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு; வருமானம், வயது, பையனை ஆஜர்படுத்த நீங்கள் எடுத்த முயற்சி எல்லாவற்றையும் அதில் சொல்லுங்கள். நோட்டீஸைக் கிழித்துப் போட்டால், கட்ட முடியாத தொகைக்காக ஆறு மாதம் வரை சிவில் சிறை வரைக்கும் போகும்.

9. போலீஸ் வீட்டுக்கு வந்தால்

வாரண்டு இருந்தால் காட்டச் சொல்லிப் படியுங்கள். எந்த கோர்ட், எந்த வழக்கு எண், என்ன தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

பையன் இல்லை என்றால் அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்வது உண்டு. சாட்சி விசாரணை என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் மற்றும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. குரலை உயர்த்தாமல், "வீட்லயே கேளுங்க சார், சொல்றேன்" என்று சொல்லுங்கள். பையன் எங்கே என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "வக்கீலோட கோர்ட்ல ஆஜராகிறான்" என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள்.

10. காலம் முடிந்த பிறகு

கடைசி நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுவைத்தோம். அது தாண்டிய வாரத்தில் நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, கண்காணிப்பு முடிந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது தரச் சொல்லிக் கேளுங்கள். கோர்ட்டில் நிலுவையில் வாரண்டு எதுவும் இல்லை என்று சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

வேலை விண்ணப்பம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பிரிவு 12-ன்படி, குற்றத் தீர்ப்பினால் ஏற்படும் சட்டத் தகுதியிழப்பு புரொபேஷனில் விடப்பட்டவரைத் தொடராது. நிபந்தனையை மீறிப் பிறகு அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் தீர்ப்பே இல்லாமல் போய்விட்டதாக இதற்குப் பொருள் இல்லை. அரசு ஊழியர் மீதான துறை நடவடிக்கையை இந்தப் பிரிவு தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே "எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டீர்களா?" என்று படிவத்தில் கேட்டிருந்தால் "இல்லை" என்று எழுதாதீர்கள். "ஆம்" என்று எழுதி, பிரிவு 4, பிரிவு 12 என்று குறிப்பிட்டு ஆணை நகலை இணையுங்கள். மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கும்.

தம்பி இப்போது அதே கம்பெனியில்தான் இருக்கிறான், இந்த முறை கோர்ட் அனுமதியோடு. பிளாஸ்டிக் உறை ஒன்றில் கண்காணிப்பு ஆணை, முகவரி மாற்ற ஆணை, நோட்டுப் புத்தகம், 50 ரூபாய் ரசீது நான்கும் பீரோவில் இருக்கின்றன. ஒரு நகல் செட் மாமா வீட்டிலும், இன்னொன்று என் போனிலும் வைத்திருக்கிறோம்.